கைநாட்டு வைத்தால் எழுத்தறிவு இல்லையா? (ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ பக்கத்து ஆட்கள் வாங்க)

கொப்பரைக்காரன் — ஞாயிறு, இரவு 9.12

இன்று காலை நம் ஊர்க் கோயில் மண்டபத்தில் கல்வி விழிப்புணர்வுக் கூட்டம் என்று கூப்பிட்டார்கள். போனேன். மீகூன் நன்றாக இருந்தது. பேச்சுதான் வயிற்றைக் கலக்கியது.

கோலாலம்பூரிலிருந்து வந்த பேச்சாளர் மேடையில் நின்று சொன்னது இது: "தோட்டத்துக்குத் தோட்டம் தமிழ்ப்பள்ளி இருந்தும் நம் பாட்டிமார் கடைசிவரை கைநாட்டுத்தான். மலாய்வழித் தேசியப் பள்ளிக்குப் போன தலைமுறைதான் எழுதப் படிக்கக் கற்றது." முன்வரிசையில் இருந்த பெரிய மனிதர்கள் கைதட்டினார்கள். தட்டியவர்களில் பாதிப் பேர் நம் தமிழ்ப்பள்ளி வாங்கில்தான் அ, ஆ எழுதினார்கள். பெயர் சொல்ல மாட்டேன். அவர்களுக்கே தெரியும்.

என் பாட்டி தென்னந்தோட்டத்தில் முப்பது வருடம் கொப்பரை எடுத்தவள். தமிழ் நேசன் நாளிதழ் வாசிப்பாள். ஆனால் சம்பள நாளில் செக்ரோல் பதிவேட்டில் பெருவிரல்தான் வைத்தாள். ஏன்? தோட்டத்துக் கணக்கரான கிராணி பேனாவை நீட்டவில்லை, மைத்தட்டை நீட்டினார். விஷயம் அவ்வளவுதான். சிரட்டை விளிம்பு அறுத்து அறுத்து அவள் விரலில் ரேகை பாதி அழிந்திருக்கும், மை ஒட்டாது. "அழுத்தி வை" என்று கிராணியே விரலைப் பிடித்து அமுக்குவார். வீட்டுக்கு வந்ததும் விரலைத் தலைமுடியில் தேய்ப்பாள், எண்ணெயில் மை கழன்று போகும் என்று. அப்புறம் வாசல் அஞ்சடியில் விளக்கை வைத்துக்கொண்டு அதே விரலால் நேசனின் வரிகளைத் தொட்டுத் தொட்டு வாசிப்பாள். நான் பக்கத்தில் படுத்துக் கேட்டிருக்கிறேன்.

இப்போது சொல்லுங்கள். பேனாவை நீட்டாதது கிராணியின் குற்றமா, பள்ளிக்கூடத்தின் குற்றமா?


நேர்ப்பேச்சு — இரவு 9.31

கைதட்டியவர்களில் நானும் ஒருவன் அண்ணே. மறைக்க என்ன இருக்கிறது. மறுபடி அவர் வந்து பேசினாலும் தட்டுவேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் பாட்டி தன் பெயரை எழுதி நீங்கள் பார்த்ததுண்டா? வாசித்தாள், வாசித்தாள் என்கிறீர்கள். எழுதினாளா? ஆமாம் அல்லது இல்லை.


கொப்பரைக்காரன் — இரவு 9.40

வாங்க தம்பி. வருவீர்கள் என்று தெரியும்.

மைத்தட்டை நீட்டினால் விரலைத்தான் வைக்க முடியும். மைத்தட்டில் கையெழுத்துப் போட ஈப்போவில் கற்றுக் கொடுக்கிறார்களா என்ன?


நேர்ப்பேச்சு — இரவு 9.43

பதில் வரவில்லை. பெயரை எழுதிப் பார்த்தீர்களா?


கொப்பரைக்காரன் — இரவு 10.05

1948ல் அவசரகாலம் அறிவித்து, எல்லோருக்கும் அடையாள அட்டை கொடுத்தார்களே, அதில் யார் ரேகையைப் பதித்தார்கள்? கிராணி ரேகையையும்தான். கடைக்காரச் சீனர் ரேகையையும்தான். 2001ல் மைகாட் என்ற புது அடையாள அட்டை வந்தது, அதன் சில்லுக்குள்ளும் பெருவிரல்தான். நேற்று சேமநிதி அலுவலகத்தில் எனக்கு முன்னால் நின்றவர் டாக்டர். அவரும் கண்ணாடிப் பட்டையில் பெருவிரலை வைத்துவிட்டுத்தான் போனார். அவர் கைநாட்டா? வெள்ளைக்காரன் விரலைக் கேட்டால் படிக்காதவன், கணினி விரலைக் கேட்டால் முன்னேற்றம். நல்ல கணக்கு.

பேச்சாளருக்குத் தெரியாத இன்னொன்று. அந்தப் பள்ளிகள் எப்படி வந்தன? 1923 தொழிலாளர் சட்டத்தில் 7 வயதிலிருந்து 14 வயது வரை பத்துப் பிள்ளைகள் தோட்டத்தில் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்று எழுதினார்கள். துரை வைத்தான். எங்கே? பழைய கொட்டகையில். வாத்தியார் யார்? சில தோட்டங்களில் கிராணியின் மச்சான், சில இடங்களில் கங்காணி. ஒரே ஆள், எல்லா வகுப்புக்கும். அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து என் பாட்டி நேசன் வாசிக்கக் கற்றாள் என்றால் மேடையில் ஏற்ற வேண்டியது அவளைத்தான்.


வெண்கட்டி — திங்கள், காலை 6.50

வணக்கம். முப்பத்திரண்டு வருடம் தமிழ்ப்பள்ளியில் இருந்தவள் என்ற முறையில் ஒரு வார்த்தை. வாசிப்பது ஒன்று, எழுதுவது ஒன்று, கையெழுத்துப் போடுவது இன்னொன்று. பெயரை மட்டும் படம் வரைவதுபோல் வரையப் பழகிய பெற்றோர்களை நான் பார்த்திருக்கிறேன். தேர்ச்சி அறிக்கையில் அழகாகக் கையெழுத்துப் போடுவார்கள், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடமே கேட்பார்கள். நேர்மாறாக வாசிக்கத் தெரிந்து பேனா பிடிக்கக் கூச்சப்பட்டவர்களும் உண்டு. எதை எழுத்தறிவு என்கிறோம் என்று முதலில் பேசிக்கொண்டு அப்புறம் சண்டை போடலாமே.

மற்றபடி, கொப்பரைக்காரன் அண்ணா மைத்தட்டு என்று ஒற்றுப் போட்டு எழுதியதற்கு நன்றி. இங்கே பலர் போடுவதில்லை.


கொப்பரைக்காரன் — திங்கள், காலை 7.15

டீச்சர், ஒற்றுக்கு நன்றி. வரையறையை அப்புறம் பார்ப்போம். கிராணி மைத்தட்டை நீட்டினாரா இல்லையா, அதைச் சொல்லுங்கள். உங்கள் அப்பாவும் தோட்டத்தில்தானே இருந்தார்.


வெண்கட்டி — திங்கள், காலை 7.22

எங்கள் அப்பா கிராணி.


கொப்பரைக்காரன் — திங்கள், காலை 7.24

அதானே பார்த்தேன்.


பெர்ணம்கரை — திங்கள், பகல் 12.48

சாப்பாட்டு நேரத்தில் வாசித்தேன். சிரித்துச் சிரித்து நாசி லெமாக் மூக்கில் ஏறிவிட்டது.

அண்ணே, உங்கள் பாட்டி நேசன் வாசித்தாள், சந்தோஷம். எங்கள் அவ்வா என்ன வாசிப்பாள்? நம் பக்கம் பாதித் தோட்டம் தெலுங்குதான். தெலுங்குப் பள்ளிகளும் இருந்தன. அவ்வா அதில்தான் படித்தாள். அப்புறம் ஒவ்வொன்றாக மூடினார்கள். எங்கள் அப்பாவைத் தமிழ்ப்பள்ளியில் கொண்டுபோய் விட்டார்கள். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், கடையில் மலாய், ஆஸ்பத்திரியில் ஆங்கிலம். நான்கு மொழியில் திட்டு வாங்கியவர் அவர். பேச்சாளர் தமிழ்ப்பள்ளியை மட்டம் தட்டியதும் உங்களுக்குக் கோபம் பொங்குகிறது. தெலுங்குப் பள்ளி போனபோது யார் திரி போட்டார்கள்?


கொப்பரைக்காரன் — திங்கள், பகல் 1.10

தெலுங்குப் பள்ளியை மூடியது நானா? வந்தவர்களைத் தமிழ்ப்பள்ளி சேர்த்துக்கொண்டதுதானே? இல்லாவிட்டால் உங்கள் அப்பா எங்கே படித்திருப்பார்?


பெர்ணம்கரை — திங்கள், பகல் 1.14

இதைத்தான் அண்ணே அந்தப் பேச்சாளரும் சொன்னார். "தேசியப் பள்ளி உங்களைச் சேர்த்துக்கொண்டது, இல்லாவிட்டால் எங்கே படித்திருப்பீர்கள்" என்று. நீங்கள் அவரைத் திட்டுகிறீர்கள்.


கொப்பரைக்காரன் — திங்கள், பகல் 1.31

இரண்டும் ஒன்றா? 1955லேயே மலாயா ஆந்திர சங்கம் கட்டிய ஆட்கள் நீங்கள். சங்கம் வைத்திருந்தீர்கள், பள்ளியைக் காப்பாற்றியிருக்கலாம். போன வருடம் யுகாதிக்கு மண்டபம் கேட்டுவிட்டு ராத்திரி பன்னிரண்டு மணிவரை ஒலிபெருக்கி வைத்தீர்களே, அந்த ஊக்கத்தில் பாதி போதும்.


பெர்ணம்கரை — திங்கள், பகல் 1.33

மண்டப வாடகை முழுதாகக் கட்டினோம். ரசீது வேண்டுமா?


நெறியாளர் — திங்கள், பகல் 2.00

யுகாதி, வாடகை, ஒலிபெருக்கி வேண்டாம். திரி கைநாட்டைப் பற்றியது.


நேர்ப்பேச்சு — திங்கள், மாலை 6.20

சரி, கைநாட்டுக்கே வருவோம். அண்ணே இன்னும் என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. ஞாபகம் வைத்திருக்கிறேன்.

சுதந்திரம் வந்த 1957ல் இந்த நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள். இன்று ஐந்நூற்று இருபத்துச் சொச்சம். அவற்றிலும் ஏராளமானவை 150 பேருக்குக் குறைவாக உள்ள குறைந்த மாணவர் பள்ளிகள். நம் வட்டாரத்திலேயே எத்தனை பள்ளியில் ஒன்றாம் ஆண்டுக்குப் பத்துப் பேர் தேறுகிறார்கள்? பெற்றோர் காலால் ஓட்டுப் போட்டுவிட்டார்கள். நானும் ஆறாம் ஆண்டுவரை தமிழ்ப்பள்ளிதான். அப்புறம் மலாய் பழகும் புகுமுக வகுப்பு. என் வயது மலாய்ப் பையன்கள் நேராக இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்றுக்குப் போனார்கள், நான் ஒரு வருடம் தனிக்கட்டடத்தில் உட்கார்ந்து "இனி புக்கு, இத்து பேனா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வருடத்தை யார் திருப்பித் தருவார்கள்? எங்கள் வகுப்பில் முப்பத்தெட்டு பேர். படிவம் ஐந்துக்குப் போகும்போது பதினொரு பேர். மற்றவர்கள் எங்கே? தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரத்துக்குப் பக்கத்தில் நின்று கூவிப் பாருங்கள், ஐந்தாறு பேர் லாரியிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள்.

மகளைத் தேசியப் பள்ளியில் போட்டேன். வருத்தம் இல்லை.


கொப்பரைக்காரன் — திங்கள், மாலை 6.58

லாரியைப் பற்றிப் பேசாதீர்கள். நான் இருபத்து மூன்று வருடம் கிள்ளான் துறைமுகத்தில் லாரிக் கணக்கு எழுதியவன். எழுதியவன். பேனாவால்.

888 என்று ஓர் எண்ணைத் தூக்கிப் போட்டால் பயந்துவிடுவோமா? பள்ளி மூடியது பாடம் மோசம் என்பதாலா? தோட்டம் துண்டு துண்டாக விற்பனையானது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, நூறு பேர் பார்த்த வேலைக்கு முப்பது பேர் போதும் என்றானது, லயத்தைக் காலி பண்ணச் சொன்னார்கள், சனம் பட்டணத்துக்குப் போனது. பிள்ளை போனால் பள்ளி எங்கே நிற்கும்? செம்பனைக் குலையா வந்து ஒன்றாம் ஆண்டில் உட்காரும்?

புகுமுக வகுப்பில் நீங்கள் ஒரு வருடம் உட்கார்ந்தது தமிழ்ப்பள்ளியின் தப்பா, இடைநிலைப் பள்ளிக்குத் தமிழ் தெரியாததன் தப்பா? மறுபடியும் அதே கதைதான். பேனா நீட்டாதவனை விட்டுவிட்டு விரல் வைத்தவளைப் பிடிக்கிறீர்கள்.

அப்புறம் ஒன்று கேட்கிறேன். இந்தத் திரியை உங்கள் மகளால் வாசிக்க முடியுமா?


நேர்ப்பேச்சு — திங்கள், மாலை 7.03

கூகுளில் போட்டு வாசிப்பாள்.


கொப்பரைக்காரன் — திங்கள், மாலை 7.04

அப்படியானால் அவள்தான் தமிழில் கைநாட்டு. என் பாட்டி இல்லை.


நேர்ப்பேச்சு — திங்கள், மாலை 7.10

என் மகளை இழுக்காதீர்கள். சொல்லிவிட்டேன். அவள் மூன்று மொழியில் எழுதுவாள். தன் பெயரைத் தமிழிலும் எழுதுவாள், பாட்டி வீட்டில் கற்றுக்கொண்டது. உங்கள் பாட்டி எழுதினாளா?


குட்டிச்செம்பனை — திங்கள், இரவு 8.45

அண்ணன்மாரே, நான் தேசியப் பள்ளியில் ஆசிரியை, படித்தது தமிழ்ப்பள்ளி. இரண்டு பக்கமும் உதை வாங்கத் தகுதி உண்டு.

நான் 2003ல் ஒன்றாம் ஆண்டு. அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் என்று அந்த வருடம்தான் ஆரம்பித்தார்கள். முதல் பலி நாங்கள்தான். எங்கள் டீச்சர் பாவம், தாவரப் பாடத்துக்கு முந்திய நாள் இரவு ஆங்கிலச் சொல்லை ரொட்டி உறையின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வருவார். அதைக் கரும்பலகையில் எழுதி எங்களோடு சேர்ந்து அவரும் உச்சரிப்பார். 2012ல் திருப்பிவிட்டார்கள். நான்கே வருடத்தில் இருமொழித் திட்டம் என்று வேறு பெயரில் மறுபடி ஆங்கிலம்.

சொல்ல வந்தது வேறு. 2010ல் லினஸ் என்று ஒரு சோதனை வந்தது, ஒன்றாம் ஆண்டிலிருந்து மூன்றாம் ஆண்டுவரை. எழுத்தறிவு இருக்கிறதா என்று பார்க்க. எந்த மொழியில்? மலாயில். அப்புறம் ஆங்கிலமும் சேர்ந்தது. தமிழில் சரளமாக வாசிக்கும் தமிழ்ப்பள்ளிப் பையன் மலாயில் திணறினால் தாளில் அவன் தேறாதவன். தமிழில் வாசிப்பதைக் குறிக்க அதில் கட்டமே இல்லை. பாட்டிக்குப் பேனா இல்லை, பேரனுக்குக் கட்டம் இல்லை. இதைப் பேசலாமே?


நேர்ப்பேச்சு — திங்கள், இரவு 8.51

தங்கச்சி, நீங்கள் தமிழ்ப்பள்ளியில் படித்துத் தேசியப் பள்ளியில் வேலை பார்க்கிறீர்கள். அதாவது நான் சொன்னதை நிரூபிக்கிறீர்கள்.


கொப்பரைக்காரன் — திங்கள், இரவு 8.52

தங்கச்சி, தமிழ்ப்பள்ளியில் படித்துத்தான் தேசியப் பள்ளியில் பாடம் நடத்துகிறீர்கள். நான் சொன்னதுதான்.


குட்டிச்செம்பனை — திங்கள், இரவு 8.53

நான் சொன்னதை இரண்டு பேரும் வாசிக்கவே இல்லை, அல்லவா?


கொப்பரைக்காரன் — திங்கள், இரவு 9.30

வாசித்தேன் அம்மா. கட்டம், சோதனை, எல்லாம் சரி. ஆனால் வேர் எங்கே? மைத்தட்டில்.

மலாய்க்காரக் கம்பத்தில் ஒரு பாட்டி. அரபு வடிவ ஜாவியில் எழுதுவார், குர்ஆன் ஓதுவார், ரோமன் எழுத்தான ரூமி ஓரெழுத்துத் தெரியாது. 1963/67 தேசிய மொழிச் சட்டம் தேசிய மொழியின் எழுத்து ரூமி என்று சொல்கிறது, ஜாவிக்குத் தடையில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறது. அந்தப் பாட்டியை யாராவது படிக்காதவர் என்பார்களா? மாட்டார்கள். சொல்லவும் கூடாது. அப்படியென்றால் தமிழ் எழுத்து மட்டும் என்ன பாவம் பண்ணியது? குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு செத்துப்போன எத்தனை பேர் நேசன் வாசித்தவர்கள் தெரியுமா? குடியுரிமைக்கு மலாய் தெரிகிறதா என்று கேட்டார்கள். தமிழ் தெரிகிறதா என்று யார் கேட்டார்?


நேர்ப்பேச்சு — திங்கள், இரவு 9.36

அந்த மலாய்ப் பாட்டி ஜாவியில் எழுதுவார். நீங்களே சொன்னீர்கள். எழுதுவார் என்று. உங்கள் பாட்டி?


பெர்ணம்கரை — திங்கள், இரவு 9.38

அண்ணே, பேசாமல் ஆமாம், இல்லை, ஒன்றைச் சொல்லிவிடுங்கள். எனக்கே தலை வலிக்கிறது.


கொப்பரைக்காரன் — திங்கள், இரவு 9.50

நீங்கள் யார் பக்கம்?


பெர்ணம்கரை — திங்கள், இரவு 9.51

ஆற்றுக்கு அந்தப் பக்கம். சிலாங்கூர். நீங்கள் அடித்துக்கொள்ளுங்கள், இங்கிருந்து நன்றாகத் தெரிகிறது.


வெண்கட்டி — செவ்வாய், காலை 6.35

தேசியப் பள்ளியில் போட்டாலும் தமிழ் கிடைக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். கல்விச் சட்டத்தின்படி குறைந்தது 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்க வேண்டும். நம் ஊர் மாதிரி இடத்தில் பதினைந்து பெற்றோர் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தைக் கேட்டு நான் பார்த்ததில்லை. பள்ளி உணவகத்து விலையைத் தவிர.


கொப்பரைக்காரன் — செவ்வாய், காலை 7.02

நன்று டீச்சர். உங்கள் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படித்தார்கள்?


வெண்கட்டி — செவ்வாய், காலை 7.20

அது இங்கே தேவையில்லாத கேள்வி.


கொப்பரைக்காரன் — செவ்வாய், காலை 7.21

தெலுக் இந்தானில் கான்வென்ட். ஊருக்கே தெரியும். காலை ஆறு மணி வேனில் ஏற்றிவிட்டு, ஏழரைக்கு எங்கள் பிள்ளைகளிடம் வந்து "தமிழ் நம் உயிர்" என்று எழுதிப் போட்டீர்கள்.


வெண்கட்டி — செவ்வாய், காலை 7.40

அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு எதிரே சாலை இல்லை, பாலம் இல்லை, என் கணவருக்குத் தெலுக் இந்தானில் வேலை. எதற்கு எதை முடிச்சுப் போடுகிறீர்கள்? உங்கள் மகன் படிவம் மூன்றில் தமிழ்ப் பாடத்தை விட்டதை நான் எங்கேயாவது பேசினேனா?


நேர்ப்பேச்சு — செவ்வாய், காலை 7.44

ஓஹோ.


கொப்பரைக்காரன் — செவ்வாய், காலை 8.10

அவன் விடவில்லை. அட்டவணையில் இடமில்லை. தமிழ் வகுப்பு மாலை மூன்று மணிக்கு, அதே நேரம் பந்து விளையாட்டுப் பயிற்சி. பள்ளியில் பேனாவையே நீட்டவில்லை, மைத்தட்டை நீட்டினார்கள்.


குட்டிச்செம்பனை — செவ்வாய், காலை 8.12

இதுக்குமா மைத்தட்டு?!


நெறியாளர் — செவ்வாய், காலை 9.00

யாருடைய பிள்ளை எங்கே படித்தது என்ற பதிவுகளை இனி நீக்குவேன். தாய்மொழிப் பள்ளிகள் இருக்கலாமா கூடாதா என்று புதிதாக ஆரம்பிக்கவும் வேண்டாம். அந்த வழக்கை 2024 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றமே முடித்துவிட்டது.


நேர்ப்பேச்சு — செவ்வாய், காலை 9.20

இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில். மூன்று நீதிபதிகளும் ஒத்துப்போகவில்லை. சும்மா தகவலுக்கு.


கொப்பரைக்காரன் — செவ்வாய், காலை 9.22

பார்த்தீர்களா, ஒத்துப்போகாத அந்த ஒருவர் பக்கம்தான் இவருக்குச் சாய்வு. 2019ல் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பொருளாளர் பதவி கிடைக்காததிலிருந்து இப்படித்தான்.


நேர்ப்பேச்சு — செவ்வாய், காலை 9.30

பொருளாளர் பதவியை நான்தான் வேண்டாம் என்றேன். ஏன் என்று சொல்லட்டுமா? முந்திய வருடத்து விளையாட்டுப் போட்டிக் கணக்கில் 340 வெள்ளிக்கு ரசீது இல்லை. பெயர் சொல்ல மாட்டேன், அவர்களுக்கே தெரியும். எனக்கும் அந்த வசனம் தெரியும் அண்ணே.

கடைசியாகக் கேட்கிறேன். பாட்டி தன் பெயரை எழுதி ஒருமுறையாவது பார்த்தீர்களா?


கொப்பரைக்காரன் — புதன், இரவு 8.15

ஒன்றரை நாள் பேசாமல் இருந்தது ஓடிப்போனதால் இல்லை. அலமாரி, பரண், பெட்டி எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேடினேன். வீட்டுக்காரி திட்டாத திட்டு இல்லை. கிடைத்துவிட்டது.

கீழே படம் போட்டிருக்கிறேன். 1974ல் லயத்துப் பெண்கள் சேர்ந்து கட்டிய சீட்டுக் கணக்கு நோட்டு. பாட்டிதான் சீட்டுத் தலைவி. பதினெட்டு பேர், மாதம் பத்து வெள்ளி. ஓரம் கரையான் தின்றிருக்கிறது, எண்ணெய்க் கறையும் உண்டு. பெயர், தொகை, பாக்கி எல்லாம் தமிழில். 'லை', 'னை' எழுத்துகளைப் பாருங்கள். துதிக்கை போட்ட பழைய எழுத்து. 1978ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மாற்றினார்களே, அதற்கு முந்திய எழுத்து. இன்றைய பட்டதாரிகளில் எத்தனை பேர் தடுக்காமல் வாசிப்பார்கள்?

இப்போது சொல்லுங்கள், யார் கைநாட்டு?


வெண்கட்டி — புதன், இரவு 9.05

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழைய எழுத்து என்பது எதையும் நிரூபிக்காது. 1974ல் பள்ளியிலும் அதே எழுத்துதான். நானும் அப்படித்தான் கற்றேன்.

இன்னொன்று. கோடு போட்ட நோட்டில் கோட்டின் மேல் உட்கார வைத்து, சுழியை முழுசாக வளைத்து, 'ற' வின் காலை நீட்டி எழுதியிருக்கிறது. இது நான்காம் ஆண்டுப் பிள்ளையின் கை. பாதி வாழ்க்கை இந்தக் கையெழுத்தைத்தான் திருத்தினேன். அண்ணா, 1974ல் உங்களுக்கு என்ன வயது?


நேர்ப்பேச்சு — புதன், இரவு 9.06

ஆகா.


நேர்ப்பேச்சு — புதன், இரவு 9.07

ஆகா ஆகா.


கொப்பரைக்காரன் — புதன், இரவு 9.30

பத்து. அதனால் என்ன? சில பக்கம் நான் எழுதினேன். அவள் சொல்லச் சொல்ல. கொப்பரை வேலை முடித்து வந்த கையில் பேனா நிற்காது, நடுங்கும். பதினெட்டு பேர் பாக்கியும் அவள் தலைக்குள் இருந்தது, நான் இறக்கி வைத்தேன். எழுதி முடித்ததும் நோட்டை வாங்கி, விரலால் தொட்டுத் தொட்டு வாசித்து, தப்பைக் கண்டுபிடித்து என் காதைத் திருகுவாள். வாசிக்கத் தெரியாதவள் தப்பைக் கண்டுபிடிப்பாளா?


நேர்ப்பேச்சு — புதன், இரவு 9.34

வாசிக்கத் தெரியாது என்று நான் சொல்லவே இல்லை. எழுதினாளா என்றுதான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கேட்கிறேன். இல்லை என்று நோட்டே சொல்லிவிட்டது. பேச்சாளர் சொன்னது சரி.


கொப்பரைக்காரன் — புதன், இரவு 9.41

மூன்றாம் பக்கம் கடைசி வரியைப் பாருங்கள். கோணலாக ஒரு பெயர் இருக்கிறது. மற்ற எழுத்தைவிடப் பெரிது, கோட்டுக்கு வெளியே இறங்கியிருக்கிறது. அது அவள் எழுதியது. எழுத வைத்தது கிராணி இல்லை. அவளே பென்சிலைப் பிடுங்கி எழுதினாள்.


வெண்கட்டி — புதன், இரவு 9.55

பார்த்தேன். ஒரே ஒரு பெயர். கை வேறுதான். ஆனால் அது பாட்டியின் பெயர் இல்லையே, ஓர் ஆணின் பெயர்.


கொப்பரைக்காரன் — புதன், இரவு 9.58

ஆமாம். பாக்கி வைத்தவன் பெயர். கோபத்தில் எழுதினாள்.


பெர்ணம்கரை — புதன், இரவு 10.20

ஒரு நிமிடம். அந்தப் பெயர் எங்கள் தாத்தா. அவ்வாவுக்குப் பதிலாக அவர்தான் சீட்டுக் கட்டினார். பக்கத்தில் "20 வெள்ளி தரவில்லை" என்று இருக்கிறது. அது பொய். அந்த மாதம் அவர் இரண்டு மூட்டை தேங்காயாகக் கொடுத்துத் தீர்த்துவிட்டார். எங்கள் வீட்டில் இது தெரிந்த கதை.


கொப்பரைக்காரன் — புதன், இரவு 10.24

தேங்காயா? தென்னந்தோட்டத்தில் இருந்தவளுக்கு யார் தேங்காயாகக் கொடுப்பார்கள்? நோட்டில் இருப்பதுதான் கணக்கு.


நேர்ப்பேச்சு — புதன், இரவு 10.26

எழுத்துப்பூர்வமான ஆதாரம் என்கிறீர்கள். எழுதியவர் யார்?


பெர்ணம்கரை — புதன், இரவு 10.31

தாத்தா கையெழுத்து அந்தப் பக்கத்தில் எங்காவது இருக்கிறதா? தீர்த்தபோது வைத்த கைநாட்டு இருக்கும், நன்றாகப் பாருங்கள். கரையான் தின்ற ஓரத்தில் ஏதோ கறுப்பாகத் தெரிகிறது.


கொப்பரைக்காரன் — புதன், இரவு 10.33

அது எண்ணெய்க் கறை.


பெர்ணம்கரை — புதன், இரவு 10.34

ரேகை.


கொப்பரைக்காரன் — புதன், இரவு 10.34

கறை.


பெர்ணம்கரை — புதன், இரவு 10.40

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் வருகிறேன். நோட்டை எடுத்து வையுங்கள், நேரில் பார்ப்போம். இருபது வெள்ளியும் கொண்டு வருகிறேன், தேவைப்பட்டால் முகத்தில் அடிக்க.


கொப்பரைக்காரன் — புதன், இரவு 10.42

வட்டி?